இம்முந்துஸ்: ஓர் இலத்தீன் அடைச்சொல்லும் நம் விவிலியத் தமிழும்

இலத்தீன் மொழியில் 'முந்துஸ்' என்று ஒரு சிறிய அடைச்சொல் உண்டு. தூய, துப்புரவான, அழுக்கு நீங்கிய என்பன அதன் பொருள்கள். அதன் முன் எதிர்மறை ஒட்டு ஒன்றைச் சேர்த்தால் 'இம்முந்துஸ்' ஆகிவிடும். தூய்மையற்ற என்பது பொருள். மேல்விஷாரம், இராணிப்பேட்டை தொடங்கிப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டித் தோலோடு வாழ்ந்து வரும் நமக்கு இந்த இரண்டாவது சொல் அந்நியமானதன்று. அதன் இலத்தீன் ஒலியை நம் மக்கள் கேட்டிரார்கள். அதன் தமிழ் வடிவங்களையோ தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள், பெரும்பாலும் தங்களைக் குறித்தே. ஆகவே இச்சொல் எங்கிருந்து வந்தது, எவ்விலக்கணத்தில் நடக்கிறது, நம் விவிலியத் தமிழில் எவ்வெவ்வாறு உருமாறி நிற்கிறது என்று பார்ப்பது வெறும் மொழியாராய்ச்சி ஆகாது என்று எண்ணுகிறேன்.

முதலில் இலக்கணம். தமிழில் அடைச்சொல் தன் உருவை மாற்றிக்கொள்வதில்லை. நல்ல மனிதன், நல்ல பெண், நல்ல வீடு, நல்ல மனிதர்கள் என்று எல்லா இடத்திலும் 'நல்ல' அப்படியே நிற்கும். இலத்தீனில் அவ்வாறன்று. அடைச்சொல் தான் சார்ந்த பெயரின் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் ஏற்றாக வேண்டும். ஆண்பாலுக்கு முந்துஸ், பெண்பாலுக்கு முந்தா, பொதுப்பாலுக்கு முந்தும். 'கோர்' என்றால் இதயம்; அது பொதுப்பால். எனவே தாவீதின் மனமாற்றத் திருப்பாடலில் வரும் தூய உள்ளம் 'கோர் முந்தும்' ஆகிறது. அடைச்சொல்லுக்கென்று சொந்தப் பால் கிடையாது. எதன்மேல் விழுகிறதோ அதன் பாலே அதன் பால். இலத்தீன் இலக்கணிகள் இதற்கு இட்ட பெயரும் பொருத்தமானதே. 'அத்யெக்தீவும்' என்னும் சொல்லின் வேரில் இருப்பது எறிதல் என்னும் வினை. பெயர்ச்சொல்லின் அருகே எறியப்பட்ட சொல் என்று கொள்ளலாம். மனிதர்மேல் எறியப்படும் சொற்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதால் இதை நினைவில் இருத்துவது நல்லது.

'இம்முந்துஸ்' சொல்லின் பிறப்பும் எளிதே. 'இன்' என்னும் எதிர்மறை ஒட்டு மகரத்தின் முன் வரும்போது அதன் னகரம் மகரமாகத் திரியும். பொன்னும் குடமும் பொற்குடமாகப் புணர்வதை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பில்லை. கிரேக்கத்தில் 'அகத்தார்தோஸ்' என்பதிலும், வடமொழியில் 'அசுத்தம்' என்பதிலும் முன்னே நிற்கும் அகரம் இந்த 'இன்' ஒட்டின் உடன்பிறப்பே. ஆக, 'இம்முந்துஸ்' என்ற சொல்லுக்குள் தூய்மை இன்மை என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அது யாரையும் தொடவில்லை, எந்தக் குலத்தையும் சுட்டவில்லை. இதைப் பின்னர் வேறொரு சொல்லோடு ஒப்பிடுவோம்.

'முந்துஸ்' என்னும் வேர்ச்சொல் எதிலிருந்து வந்தது என்பதில் சொற்பிறப்பியலார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் அச்சொல் மூன்று வீடுகளில் குடியிருந்ததை நன்கு அறிவோம். அடைச்சொல்லாக நின்று 'துப்புரவான' என்ற பொருள் தந்தது. பெயர்ச்சொல்லாகிப் பெண்டிரின் ஒப்பனைப் பொருள்களையும் அணிகளையும் குறித்தது. இலத்தீன் விவிலியத்தில் எஸ்தர் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இப்பொருளிலேயே வருகிறது. மூன்றாவதாக உலகையும் குறித்தது. கிரேக்கர் ஒழுங்கையும் அணியையும் குறிக்கும் 'கோஸ்மோஸ்' என்ற சொல்லால் உலகை அழைத்தனர். உரோமையர் அதைப் பின்பற்றித் தம் 'முந்துஸ்' சொல்லையும் அவ்வாறே விரித்துக்கொண்டனர். மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் இரண்டாம் பகுதியில், குறையற்ற நேர்த்தியினாலேயே உலகுக்கு இப்பெயர் வந்தது என்று விளக்குகிறார். உலகம் என்றாலே துப்புரவானது, அழகு செய்யப்பட்டது என்று ஒரு மொழி நினைத்திருக்கிறது! பின்னாளில் பிரெஞ்சு மொழியில் 'மோந்து' உலகமாகவும், 'இம்மோந்து' அருவருப்பானதாகவும் பிரிந்து போயின. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதைப் பேசுவோர் மறந்தே போனார்கள்.

யோவான் நற்செய்தியை இலத்தீனில் வாசிப்போருக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. 'முந்தி' என்னும் ஒரே வடிவம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பெயர்ச்சொல்லின் ஆறாம் வேற்றுமையானால் 'உலகின்' என்று பொருள். திருப்பலியில் ஆட்டுக்குட்டியானவரை நோக்கி மன்றாடும்போது உலகின் பாவங்கள் என்ற இடத்தில் வருவது அது. அடைச்சொல்லின் ஆண்பால் பன்மையானால் 'தூயவர்கள்' என்று பொருள். பாதம் கழுவிய இரவில் ஆண்டவர் சீடர்களுக்குத் தந்த பெயர் அது. பதின்மூன்றாம் அதிகாரத்திலும் பதினைந்தாம் அதிகாரத்திலும் அதைக் காணலாம். கிரேக்க மூலத்தில் இந்த ஒலி ஒற்றுமை இல்லை. இலத்தீன் தற்செயலாகத் தந்த கொடை இது. நற்செய்தி வாசிக்குமுன் குருவானவர் பீடத்தின்முன் தலைவணங்கி மெல்லிய குரலில் சொல்லும் இலத்தீன் மன்றாட்டின் முதற்சொல்லும் 'முந்தா' என்பதே. அங்கே அது அடைச்சொல் அன்று, தூய்மையாக்கும் என்னும் ஏவல் வினை.

இனி மலைப்பொழிவுக்கு வருவோம். தூய உள்ளத்தோரைப் பற்றிய பேற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. கிரேக்க மூலத்தில் 'தூய' என்னும் அடைச்சொல் மனிதரோடு இயைகிறது. 'உள்ளம்' எந்த வகையில் தூய்மை என்பதை மட்டும் காட்டுகிறது. இலத்தீனோ 'முந்தோ கோர்தே' என்று அடைச்சொல்லை உள்ளத்தோடு இயைத்துவிடுகிறது. கிரேக்கத்தில் உள்ளத்தைப் பொறுத்தவரை தூயவர்கள். இலத்தீனில் தூய உள்ளம் உடையவர்கள். நம் சீர்திருத்த சபைச் சகோதரர் பயன்படுத்தி வரும் பழைய மொழிபெயர்ப்பு 'இருதயத்தில்' என்று ஏழாம் வேற்றுமையிட்டு, 'சுத்தம்' என்பதை மனிதர்மேல் ஏற்றிக் கிரேக்கத்தின் வழி செல்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு தூய்மையை உள்ளத்துக்கு அடையாக்கி, தெரிந்தோ தெரியாமலோ இலத்தீனின் வழி செல்கிறது. செவிக்கு இனியது பின்னது என்பதில் ஐயமில்லை. ஆனால் முழு மனிதரையும் தூயவர் என்று அழைக்கும் துணிவு முன்னதில் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. சிறிய வேறுபாடுதான். இதைவிடப் பெரியவை காத்திருப்பதால் கடந்து செல்வோம்.

'இம்முந்துஸ்' தன் முழு வலிமையோடு தோன்றுமிடம் திருத்தூதர் பணிகள் பத்தாம் அதிகாரம். ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனம் அதற்கு வாசற்படி. யோப்பா நகரில் பேதுரு பல நாள் தங்கியிருந்தார். தங்கிய இடம் தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீடு. இலத்தீன் அவரை 'கொரியாரியுஸ்' என்கிறது. 'கொரியும்' என்றால் தோல். கிரேக்கத்தில் 'பிர்சேயுஸ்', 'பிர்சா' என்றால் உரித்த தோல். அந்தப் 'பிர்சா' இலத்தீனில் 'புர்சா' ஆகித் தோற்பையாகி, பணப்பையாகி, குருமடத்துக் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் குருவானவருக்கு நாம் வழங்கும் 'பர்சார்' என்னும் பெயராயிற்று. தோல் பதனிடுபவரும் நம் பர்சார் சாமியும் சொல்வழியில் உறவினர் என்பதைக் குருமடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதரின் மிஷ்னா நூல் தோல் பதனிடுவோரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் ஆம்பூரில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருக்கும். தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழத்துக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். அதுவும் ஊரின் கிழக்குத் திசையில் மட்டுமே. தோல் பதனிடுபவனின் மனைவி அவன் தொழிலை அறிந்தே மணந்திருந்தாலும், பிற்பாடு சகிக்க முடியவில்லை என்று சொல்லி மணவிடுதலை கேட்கலாம். இறந்த விலங்கின் உடலைத் தொட்டவர் மாலைவரை தூய்மையற்றவர் என்பது லேவியர் நூலின் சட்டம். தோல் பதனிடுபவருக்கோ அந்த மாலை வந்து முடிவதே இல்லை. மறுநாள் காலையில் மீண்டும் தொட்டாக வேண்டும். லூக்கா அவ்வீடு கடலோரம் இருந்ததைக் குறிப்பிடுகிறார். தோலுக்குத் தண்ணீர் வேண்டும். அங்கே கடல், இங்கே பாலாறு.

அப்படிப்பட்ட வீட்டின் மாடியில்தான் பேதுரு பசியோடு இறைவேண்டலில் இருக்கிறார். வானிலிருந்து விரிப்பு இறங்குகிறது. எல்லா வகை விலங்குகளும் அதில் இருக்கின்றன. கொன்று உண்ணுமாறு குரல் சொல்கிறது. பேதுரு மறுக்கிறார். அம்மறுப்பில் வரும் இரண்டு அடைச்சொற்கள் 'கொம்மூனே', 'இம்முந்தும்'. இப்படிப்பட்ட எதையும் தாம் உண்டதே இல்லை என்கிறார். தோல் பதனிடுபவர் வீட்டுச் சோற்றைப் பல நாளாக உண்டுகொண்டே இதைச் சொல்கிறார் என்பதை விரிவுரையாளர் பலரும் சுட்டியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது இலக்கணம் பற்றியது.

மறுப்பில் இரண்டு சொற்களும் பொதுப்பால். அவை உணவைக் குறிக்கின்றன. பின்னர் கொர்னேலியுவின் வீட்டில் நின்று 28ஆம் வசனத்தில் பேதுரு பேசும்போது அதே இரண்டு சொற்கள் மீண்டும் வருகின்றன. இப்போது அவை மனிதரைக் குறிக்கின்றன. எந்த மனிதரையும் அவ்வாறு அழைக்கலாகாது என்று கடவுள் காட்டினார் என்கிறார். கிரேக்கத்தில் இரு சொற்களின் வடிவமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆண்பால் இரண்டாம் வேற்றுமையும் பொதுப்பாலும் அங்கே ஒரே ஈறு பெறுகின்றன. இலத்தீனில் 'இம்முந்தும்' மாறவில்லை; 'கொம்மூனே' மட்டும் 'கொம்மூனெம்' என்று ஆண்பால் ஈறு பெற்றுவிடுகிறது. தமிழிலோ இரண்டும் மாறியே தீர வேண்டும். திருவிவிலியத்தில் 'தீட்டானது' என்பது 'தீட்டுள்ளவர்' ஆகிறது. 'தூய்மையற்றது' என்பது 'தூய்மையற்றவர்' ஆகிறது. அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு! உணவைப் பற்றிய காட்சி மனிதரைப் பற்றியது என்று பேதுரு கண்டுகொண்ட பயணம் முழுவதும் தமிழின் திணைப் பாகுபாட்டில் வெளிப்படையாகத் தெரிகிறது. கிரேக்கம் மறைத்ததை இலத்தீன் பாதி காட்டிற்று. தமிழ் முழுவதும் காட்டிவிட்டது. மனிதரை அஃறிணையாக்கிப் பேசப் பழகிய ஊர்களில் இந்த மாற்றத்தை நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும் என்பேன்.

'கொம்மூனிஸ்' என்னும் இன்னொரு அடைச்சொல்லை இங்கே விட்டுவிட முடியாது. இதன் நேர்ப்பொருள் 'பொதுவான' என்பதே. சேர்ந்து என்னும் பொருளுள்ள முன்னொட்டும், கடமை, பணி, கொடை எனப் பொருள்படும் 'மூனுஸ்' சொல்லின் வேரும் இணைந்தது. ஒரே சுமையைச் சேர்ந்து சுமப்பது பொதுவானது. கிரேக்கத்தின் 'கொய்னோஸ்' என்ற சொல்லும் பொதுமையைக் குறிப்பதே. யூதர்களிடையே அது 'புனிதத்துக்கெனப் பிரிக்கப்படாதது', ஆகவே 'தீட்டானது' என்ற பொருளை ஏற்றது. இலத்தீனும் அப்படியே பின்தொடர்ந்தது. திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரத்தில் முதல் கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் பொதுவாய் வைத்திருந்தார்கள் என்ற இடத்தில் வரும் சொல்லும், பத்தாம் அதிகாரத்தில் பேதுரு அருவருத்து ஒதுக்கும் சொல்லும் ஒன்றே! கிரேக்கத்திலும் ஒன்றே, இலத்தீனிலும் ஒன்றே. பழைய வுல்காத்தாவில் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் மனிதரைத் தீட்டுப்படுத்துவது எது என்று ஆண்டவர் சொல்லும் இடத்தில் 'கொம்முனிக்காரே' என்ற வினை வருகிறது. அதே வினைதான் பின்னாளில் நற்கருணை உட்கொள்வதைக் குறித்தது. 'கொம்மூனியோ' என்பதும் அவ்வேரில் பிறந்ததே.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாம் அதிகாரத்தில் 'பொது' என்றும் பத்தாம் அதிகாரத்தில் 'தீட்டு' என்றும் எழுதினார்கள். வேறு வழியில்லை, அவர்கள் செய்தது சரியே. ஆயினும் ஓர் உண்மை மறைந்துபோயிற்று. தீட்டு என்று ஒருவர் அஞ்சுவது உண்மையில் பொதுவாகிவிடுதலை. பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு என்று எங்கெங்கே 'பொது' என்ற சொல் வந்ததோ அங்கெல்லாம் நம் நாட்டில் தீட்டு என்ற சொல் குறுக்கே வந்து நின்றது. நம் கல்லறைத் தோட்டங்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. சாதிக்கொரு பகுதியாகப் பிரித்துச் சுவர் எழுப்பிய கத்தோலிக்கக் கல்லறைகள் தமிழகத்தில் உண்டு. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமையில் திருத்தந்தையைச் சந்தித்தபோது இரண்டாம் யோவான் பவுல் திருச்சபைக்குள் நிலவும் சாதி வேற்றுமையை வெளிப்படையாகவே கண்டித்தார். ஒரே பந்தியில் நற்கருணை உட்கொண்டு தனித்தனிக் குழியில் புதைக்கப்படுகிறவர்களுக்கு 'கொம்மூனிஸ்' என்ற சொல்லின் இரு பொருளையும் விளக்க அகராதி தேவையில்லை.

இனித் 'தீட்டு'. தமிழில் இச்சொல்லின் கதை 'முந்துஸ்' சொல்லின் கதையைவிடச் சுவையானது, கசப்பானதும்கூட. ஓவியம் தீட்டுகிறோம், கத்தியைத் தீட்டுகிறோம், தவிடு போக அரிசியைத் தீட்டுகிறோம். இவை எல்லாம் துலக்கும், வெண்மையாக்கும் செயல்கள். தீட்டு என்னும் பெயர்ச்சொல்லோ நேர் எதிரான பொருள் தருகிறது. அது 'தீண்டு' என்ற வினையில் பிறந்தது. ஈண்டு என்பது ஈட்டு என்று ஆவதுபோல மெல்லினம் வல்லினமாயிற்று. தீண்டுதல் என்றால் தொடுதல். வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் குழந்தையின் உடல் பெற்றோர்மேல் படும் இன்பத்துக்குத் 'தீண்டல்' என்ற சொல்லைத்தான் ஆள்கிறார். அவ்வளவு மென்மையான வினையிலிருந்து இவ்வளவு கொடுமையான பெயரை உண்டாக்கியது தமிழ் மொழி அன்று, தமிழ்ச் சமூகம். அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்ததும் 'தீண்டாமை', அதாவது தொடாதிருத்தல்.

இலத்தீனின் 'இம்முந்துஸ்' தூய்மை இன்மையைச் சொன்னதோடு நின்றது. 'கொம்மூனிஸ்' பகிர்தலைப் பழித்தது. தமிழின் 'தீட்டு' தொடுதலையே பழித்தது. திருத்தூதர் பணிகள் பத்தாம் அதிகாரத்தில் 'தீட்டு' என்று எழுதியது மொழிபெயர்ப்பாளரின் மிகச் சரியான தேர்வு என்று நான் கருதுவது இதனால்தான். 'புனிதமற்ற' என்றோ 'உலகியல் சார்ந்த' என்றோ மெருகேற்றி எழுதியிருந்தால் அந்த அதிகாரம் நம் தெருவுக்குள் வந்திராது. கேட்பவருக்கு எந்த இடத்தில் வலிக்குமோ அந்த இடத்தில் சொல் விழுந்திருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பும் புதியதும் இதில் ஒன்றுபட்டு நிற்கின்றன.

மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் அவை ஒன்றுபடவில்லை. அங்கே எனக்கும் திருவிவிலியத்துக்கும் சிறு வழக்கு உண்டு. தொழுநோயாளர் ஒருவர் ஆண்டவர்முன் பணிந்து வேண்டுகிறார். இலத்தீனில் அவர் வேண்டுதலின் கடைசிச் சொல் 'முந்தாரே'. தூய்மையாக்க என்று பொருள், செய்வினை எச்சம். ஆண்டவரின் விடையிலும் கடைசிச் சொல் 'முந்தாரே'; இங்கே அது செயப்பாட்டு ஏவல், தூய்மையாகு என்று பொருள். ஓர் எழுத்தும் மாறவில்லை. நோயாளர் எந்தச் சொல்லைக் கையில் ஏந்தி வந்தாரோ அதையே ஆண்டவர் வரமாகத் திருப்பித் தருகிறார். பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் 'சுத்தம்' என்ற சொல்லைக் காத்தது. திருவிவிலியம் இரண்டு இடத்திலும் 'நோய்' நீங்குதலாக மாற்றியது. நோக்கம் உயர்ந்தது என்பதை மறுக்கவில்லை. நோயுற்றவரை அசுத்தர் என்று அழைக்க அவர்கள் கூசினார்கள். தீய ஆவி, அசுத்த ஆவி பற்றிய இடங்களிலும் அதே கூச்சம் தெரிகிறது. அது எனக்கும் உடன்பாடே.

ஆனால் வேலூர் வட்டாரத்தில் இருந்துகொண்டு இப்பகுதியை வாசிக்கும்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியபின் நோய் நீங்குவது திண்ணம் என்றாயிற்று. நோய் நீங்கியது, பெயர் நீங்கவில்லை. மருந்து முடித்து வீடு திரும்பியவருக்கு வீட்டில் தனித் தட்டும் தனித் திண்ணையும் காத்திருந்த கதைகள் நம் பங்குகளில் எத்தனை! மத்தேயுவின் தொழுநோயாளர் கேட்டது மருத்துவம் மட்டுமன்று; தம்மேல் எறியப்பட்ட அடைச்சொல்லை எடுத்துவிடுமாறு கேட்டார். அதனால்தான் ஆண்டவர் அவரைக் குருவிடம் சென்று காட்டச் சொன்னார். அச்சொல்லை அதிகாரபூர்வமாக நீக்கவேண்டியவர் குரு. நோய் நீங்குதல் என்ற மொழிபெயர்ப்பில் இந்த இரண்டாம் பாதி கரைந்துவிடுகிறது. 'தூய்மையாகு' என்று திரும்பவும் எழுதலாம், கூசத் தேவையில்லை. சொல்வதற்கு முன்பே ஆண்டவர் கையை நீட்டி அவரைத் தொட்டிருந்தார். தீண்டிய பின் சொல்லப்பட்ட சொல்லில் தீட்டு இருக்க முடியாது.

மொழிபெயர்ப்பைக் குறைகூறும்போது வாசக நூலின் குறையையும் சொல்லவேண்டும். பாஸ்கா மூன்றாம் வாரம் சனிக்கிழமை வாசகம் திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்தின் 42ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பேதுரு சீமோனின் வீட்டில் தங்கியதைச் சொல்வது 43ஆம் வசனம். பாஸ்கா ஞாயிறன்றும், இரண்டாம் ஆண்டின் பாஸ்கா ஆறாம் ஞாயிறன்றும், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவிலும் பத்தாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. மூன்றிலும் விரிப்பின் காட்சி இல்லை, 28ஆம் வசனமும் இல்லை. பாஸ்கா நான்காம் வாரம் திங்கட்கிழமை பதினோராம் அதிகாரத்தில் பேதுரு அக்காட்சியைத் தம் வாயால் விவரிக்கிறார். அங்கே அவர் தம்மைத் தங்கவைத்தவரின் பெயரையும் தொழிலையும் சொல்வதில்லை. வானதூதர் கொர்னேலியுவுக்கு முகவரி தரும்போது தயங்காமல் சொன்ன தொழில்பெயர் இது. ஞாயிறு தோறும் கோவிலுக்கு வந்து, செவிமடுத்து, வீடு திரும்பும் ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளி, விவிலியத்தில் தம் தொழில்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதையே அறியாமல் இறந்துபோகலாம். வாசக நூலைத் தொகுத்தோர் தீய எண்ணத்தோடு விட்டார்கள் என்று சொல்லவில்லை. யாப்பாவிலிருந்து செசரியாவுக்குக் கதையை நகர்த்தும் அவசரத்தில் இடையில் இருந்த வீடு கண்ணில் படவில்லை. விவிலியப் பகிர்வுக் குழுக்கள் உள்ள பங்குகளில் அந்த வசனங்களையும் சேர்த்து வாசிக்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் நம் மக்களில் சிலர் ஞாயிறு திருப்பலிக்கு வந்தால் கடைசி விசுப்பலகைக்கும் பின்னால் நிற்பார்கள். முன்னே வரச் சொன்னால், "வாடை அடிக்கும் சாமி, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கஷ்டம்" என்பார்கள். குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து வந்தவர்கள். வாடை அவர்கள் உடலில் இல்லை. மற்றவர் எறிந்த அடைச்சொல்லைத் தாமே எடுத்து அணிந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் நாள்தோறும் செய்யும் வேலையால்தான் 'இம்முந்தும்' என்ற சொல்லே நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். முழு வுல்காத்தா விவிலியத்தின் மிகப் பழைய பிரதி, இங்கிலாந்தின் வியர்மவுத்-ஜாரோ மடத்தில் எழுதப்பட்டு 716ஆம் ஆண்டு உரோமையை நோக்கி அனுப்பப்பட்ட அமியாத்தினுஸ் சுவடி. இன்று ஃபிளாரன்ஸ் நகரின் லாரன்சியா நூலகத்தில் இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய 500 கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தார்கள். முதல் மூன்று வேலைகளும் இன்று ஆம்பூரில் நடப்பவையே. தூய்மை, தீட்டு பற்றிய சட்டங்கள் எல்லாம் செத்த விலங்கின் தோல்மீதுதான் எழுதப்பட்டு நம் கைக்கு வந்தன.

மற்றொரு சொல்லைப் பற்றியும் சுருக்கமாகக் கூறவேண்டும்: மாசு. அன்னை மரியாவை மாசற்றவர் என்கிறோம். இலத்தீனில் 'இம்மாக்குலாத்தா', கறை இல்லாதவர். பாலாற்றின் நீரையும் மாசடைந்தது என்கிறோம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்புகள் வந்தபின் கழிவின் தன்மையே மாறியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே அதற்கான ஈட்டைத் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் பாலாறு பற்றிய வழக்கில் அதே நெறியை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். 'இம்முந்துஸ்' என்ற அடைச்சொல்லை இலக்கணப்படி எதனோடு இயைப்பது என்று கேட்டால், அந்தத் தொட்டியோடு இயைக்கலாம். அதன் அருகே படுத்திருந்தவர்களோடு இயைக்க எந்த வேற்றுமையிலும் இடமில்லை.

யோப்பாவுக்குத் திரும்புவோம். கொர்னேலியு அனுப்பிய ஆள்கள் மூவர் சீமோனின் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். பேதுரு இறங்கி வந்து அவர்களை உள்ளே அழைத்து அன்றிரவு தங்கவைத்தார் என்று 23ஆம் வசனம் சொல்கிறது. விருந்தாளியாக இருந்தவரே விருந்தோம்புகிறார், வீடோ வேறொருவருடையது. யூதர் வாசலை மிதிக்கக்கூடாத பிற இனத்தார், அவர்களோடு உண்ணக்கூடாத திருத்தூதர், ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட தோல் தொழிலாளி ஆகிய அனைவரும் ஓர் இரவு ஒரே கூரையின்கீழ். மறுநாள் காலையில் யோப்பாவைச் சேர்ந்த சகோதரர் சிலர் பேதுருவோடு புறப்பட்டார்கள். பதினோராம் அதிகாரம் அவர்கள் ஆறு பேர் என்கிறது. அவர்களின் பெயர்களை லூக்கா எழுதவில்லை.